கொரோனா காலத்தில் போனில் படித்த நர்சிங், மருத்துவ மாணவர்களுக்கு உண்மையில் எது குறைந்தது?

கேள்வி: "என் மகள் 2019-இல் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தாள். முதல் வருடம் பாதியிலேயே ஊரடங்கு வந்துவிட்டது. அதன்பின் ரொம்ப நாள் நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் வீட்டில் இருந்தபடி போனில்தான் படித்தாள். இப்போது தனியார் மருத்துவமனையில் வேலை. அங்கே சீனியர்கள் 'கொரோனா பேட்ச்தானே' என்று சொல்கிறார்களாம். ஆன்லைனில் படித்த பிள்ளைகளுக்கு உண்மையிலேயே எது குறைந்தது? இனிமேல் அதைச் சரிசெய்ய முடியுமா?"

அண்ணே, பாடம் அவ்வளவாகக் குறையவில்லை. நோயாளியைத் தொட்டுப் பழகும் நேரம்தான் குறைந்தது. அதுவும் எல்லாருக்கும் ஒரே அளவில் குறையவில்லை. கல்லூரி மூடியபோது எந்த வருடத்தில் இருந்தார்கள், வீட்டில் டவர் கிடைத்ததா, திரும்பி வந்தபிறகு அந்த நேரத்தைக் கல்லூரி மறுபடி கொடுத்ததா என்று பார்க்க வேண்டும். சரிசெய்யக்கூடிய குறைதான். ஆனால் குறையே இல்லை என்று எழுதி மூடிவிட்ட இடங்களில் அது இன்றும் அப்படியே இருக்கிறது. நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறவள். வகுப்பு போனுக்குள் போன நாளிலிருந்து அது வார்டுக்குத் திரும்பி வரும்வரை அவர்களோடு இருந்ததை வைத்துச் சொல்கிறேன்.

2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் கல்லூரிகள் மூடப்பட்டன. ஒரு வாரத்தில் நாடு முழுக்க ஊரடங்கு. இரண்டு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று பிள்ளைகள் ஒரே பையோடு ஊருக்குப் போனார்கள். புத்தகம், ரெக்கார்ட் நோட், ஸ்டெத் எல்லாம் ஹாஸ்டல் அறையிலேயே கிடந்தன. மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கு மறுபடி கல்லூரி திறந்தது அந்த டிசம்பரில்தான். 2021 கோடையில் இரண்டாம் அலை வந்ததும் கீழ் வகுப்புப் பிள்ளைகள் பலர் மறுபடி வீட்டுக்குப் போனார்கள்.

டவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியில் இருப்பவர்களுக்குக் காவிரி டெல்டா முழுக்க ஒரே மாதிரித் தெரியும். தஞ்சாவூர், கும்பகோணம் டவுனுக்குள் இருந்தவர்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. முத்துப்பேட்டை, வேதாரண்யம், கோடியக்கரை பக்கத்துப் பிள்ளைகள் மொட்டை மாடி, களத்துமேடு, வாய்க்கால் மதகு என்று இடம் தேடி உட்கார்ந்தார்கள். ஒரு நாளுக்கு ஒன்றரை ஜிபி என்று ரீசார்ஜ் போட்டால், கேமராவோடு நடக்கும் இரண்டு மூன்று வகுப்பிலேயே அது தீர்ந்துவிடும். மதியத்து வகுப்பு அவர்களுக்குக் கிடையாது. வீட்டில் ஒரே ஆண்ட்ராய்டு போன் என்றால் அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், அல்லது தம்பியின் பள்ளி வகுப்புக்குப் போய்விடும். பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி நிறையப் பேருக்குக் கைகொடுத்தது. ஆனால் அதற்கும் போனிலிருந்துதானே ஹாட்ஸ்பாட் போட வேண்டும்! இலவச ஜூம் கணக்கில் 40 நிமிடம் ஆனதும் கூட்டம் தானாக முடிந்துவிடும். மறுபடி லிங்க் அனுப்பினால், டவர் மெலிந்த பிள்ளைகள் உள்ளே வருவதற்குள் பாடம் பாதி போயிருக்கும்.

2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த வாரமே புரெவி. நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை பக்கமெல்லாம் விடாமல் மழை. சம்பா பயிர் தண்ணீரில் நின்றது, கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அந்த நாட்களுக்கும் வருகைப் பதிவு கேட்ட கல்லூரிகள் இருந்தன. அது அநியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

வீட்டில் இருப்பதும் ஒரு சிக்கல்தான். 2020-இல் மேட்டூர் அணை எட்டு வருடத்துக்குப் பிறகு ஜூன் 12 அன்று சரியாகத் திறந்தது. குறுவை வேலை மும்முரம். வீட்டில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளை பெற்றவர்கள் கண்ணுக்குச் சும்மா இருக்கிற பிள்ளை. "செத்த வந்து டீ எடுத்துட்டுப் போம்மா" என்று கூப்பிடுவார்கள். ஒரு காதில் பிசியாலஜி, கையில் தூக்குவாளி என்று வயலுக்கு நடந்த மாணவிகள் உண்டு. ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கே இது அதிகம். சமையல், பாத்திரம், தம்பி தங்கையைப் பார்ப்பது எல்லாம் அவர்கள் தலையில். ஐம்பது பேரோடு கல்யாணத்தை முடித்துவிடலாம், செலவு மிச்சம் என்று மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வீடுகளும் இருந்தன.

இனப்பெருக்க உறுப்புகள் பற்றிய பாடம் நடக்கும்போது மாணவிகள் வரிசையாக வகுப்பிலிருந்து வெளியேறுவார்கள். டவர் காரணம் அல்ல. ஒரே அறை வீடு. பக்கத்தில் தாத்தா, அண்ணன். ஹெட்செட் இல்லாத பெண் அந்தப் பாடத்தை ஸ்பீக்கரில் எப்படிக் கேட்பாள்? அதனால் அந்தப் பாடங்களைச் சின்னச் சின்னக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். வீட்டில் எல்லாரும் தூங்கியபிறகு காதோடு வைத்துக் கேட்டார்கள். அதற்கு டேட்டாவும் அதிகம் ஆகவில்லை. அதன்பிறகு மற்றப் பாடங்களுக்கும் இதையே செய்தோம். டவர் மோசமான ஊர்களுக்கு நேரலை வீடியோவைவிடக் குரல் பதிவும் இரண்டு பக்கக் குறிப்பும்தான் உதவின. மறுபடி இப்படி ஒரு காலம் வந்தால் முதல் நாளிலிருந்தே இதைத்தான் செய்ய வேண்டும்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நர்சிங்கில் கை வேலையில் பாதி, நோயாளி முன்னால் நிற்கும் தைரியம். ஊசி போடும் கோணம், இடம், அளவு எல்லாம் வீடியோவில் புரிந்துவிடும். ஆனால் கை நடுங்காமல் போட, பயந்த முகத்தோடு கையை நீட்டும் ஒரு ஆள் எதிரில் இருக்க வேண்டும். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்வது, நாற்றத்தை முகத்தில் காட்டாமல் இருப்பது, செத்துப்போனவரின் மகனிடம் பேசுவது, இதெல்லாம் திரைக்குள் அடங்காது. வார்டில் சீனியர் சிஸ்டர் நடப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

லேப் டெக்னீஷியன் பிள்ளைகளுக்கு வேறு வகை இழப்பு. மலேரியா கிருமியைப் படத்தில் காட்டினால் எல்லாரும் அடையாளம் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தப் படத்தில் யாரோ ஒருவர் ஏற்கெனவே தேடிப் பிடித்து, ஃபோகஸ் செய்து, நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஸ்லைடில் எண்ணெய் விட்டு, 100 எக்ஸ் லென்ஸைப் போட்டு, ஒன்றுமே இல்லாத இடங்களை ஒவ்வொன்றாகக் கடந்து தேடுவதுதான் வேலை. அந்தப் பொறுமையும் கண்ணும் மைக்ராஸ்கோப்பில்தான் பழகும். பிசியோதெரபியிலும் அப்படியே. தசையின் பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பு போடுவார்கள். 3 என்றால் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடியும். அதைத் திரையிலும் பார்த்துவிடலாம். 4-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் நம் கை எதிர்த்து அழுத்தும்போதுதான் தெரியும்.

மருத்துவ மாணவர்களுக்கு இழப்பு அனாட்டமியில், அதாவது இறந்தவர் உடலை அறுத்துப் பார்த்துப் படிக்கும் பாடத்தில். கொரோனா நேரத்தில் உடல் தானம் பெறுவதும் கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. நரம்பு எது, ரத்தக் குழாய் எது என்று படத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பிரித்துக் காட்டும். உடலுக்குள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறம். விரலால் உருட்டிப் பார்த்துத்தான் பிரிக்கப் பழக வேண்டும்.

எந்த வருடம் என்பது முக்கியம் என்று சொன்னேன் அல்லவா? நீங்கள் சொன்ன கணக்குப்படி உங்கள் பாப்பா முதல் வருடத்தில் இருந்தபோது கல்லூரி மூடியது. அவளுக்கு விட்டுப்போனவை அடிப்படை வேலைகள்: படுக்கை விரிப்பு, நாடி, பி.பி., காய்ச்சல் பார்ப்பது, மருந்து கொடுப்பது, முதன்முதலாக வார்டுக்குள் கால் வைப்பது. இவை வேலைக்குப் போனதும் தினம் தினம் செய்கிறவை. அதனால் சீக்கிரம் ஈடுகட்டிவிடலாம். பழைய பாடத்திட்டத்தில் பிரசவப் பாடம் நான்காம் வருடம். அவள் அதற்கு வந்தபோது லேபர் வார்டு திறந்திருந்தது. 2020-இல் நான்காம் வருடம் இருந்தவர்களின் நிலை வேறு. தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை போல நாள் முழுக்கப் பிரசவம் நடக்கும் இடத்தில் நின்று கற்க வேண்டிய மாதங்களில் அவர்கள் வீட்டில் இருந்தார்கள். வயிற்றைத் தொட்டுக் குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று சொல்வது, வலி வரும்போது கையை வைத்து எண்ணுவது, இதெல்லாம் அப்புறம் தினமும் கிடைக்கிற வாய்ப்பு அல்ல. மற்ற வார்டில் வேலைக்குப் போய்விட்டால் கிடைக்கவே கிடைக்காது. எல்லாரையும் சேர்த்து "கொரோனா பேட்ச்" என்று சொல்வது எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் காரணம். ஒவ்வொரு பேட்சுக்கும் குறை வேறு, மருந்தும் வேறு.

வீட்டிலிருந்தபடி செய்ய முடிந்ததையும் நாங்கள் விடவில்லை. கட்டி மிருதுவா கெட்டியா என்று சொல்ல ஆசிரியர்கள் காலங்காலமாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உதட்டைத் தொட்டால் மிருது, மூக்கு நுனி கெட்டி, நெற்றி கல் மாதிரி. எல்லாரையும் தங்கள் முகத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னோம். நுரையீரலில் நீர் கோத்தால் ஸ்டெத்தில் கேட்கும் சன்னமான சத்தத்துக்கு, காதுக்குப் பக்கத்தில் முடிக்கற்றையை விரலால் தேய்க்கச் சொன்னோம். தையல் போட வாழைப்பழத் தோல், ஊசி குத்திப் பழக ஆரஞ்சு. பி.பி. கருவி வாங்க முடிந்தவர்கள் வீட்டில் எல்லாருக்கும் பார்த்து எழுதி அனுப்பினார்கள். தன் அப்பாவுக்கே ரத்தக் கொதிப்பு இருப்பதை இப்படிக் கண்டுபிடித்த மாணவி ஒருத்தி உண்டு. பக்கவாதத்தில் படுத்திருந்த பாட்டியைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, முதுகில் பவுடர் போட்டுக் கற்றுக்கொண்ட பெண்ணுக்கு என் கணக்கில் முழு மதிப்பெண். வார்டில் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைத்தது: ஒரே நோயாளியை மாதக்கணக்கில் பார்ப்பது.

ஆன்லைனில் நல்லதே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஓடும் வகுப்பு முதல் வருடம் பெரிய மலை. பதிவு செய்த வகுப்பை நிறுத்தி நிறுத்தி, அகராதி பார்த்து, நான்கு தடவை கேட்டவர்கள் நேர் வகுப்பில் இருந்ததைவிட நன்றாகத் தேறினார்கள். எழுந்து நின்று சந்தேகம் கேட்கத் தயங்கும் பெண்கள் சாட்டில் தைரியமாகத் தட்டினார்கள். பார்மகாலஜி (மருந்தியல்), மைக்ரோபயாலஜி (நுண்ணுயிரியல்) போன்ற பாடங்களைப் பாதியாவது இப்படியே வைத்துக்கொள்ளலாம், மிச்சமாகும் நேரத்தை வார்டுக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 அக்டோபரில் சட்டமானது. முதல் தடவையாக அதில் இடம் பிடித்தவர்கள் 2021 பிப்ரவரியில் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். சில மாதத்தில் இரண்டாம் அலை. கூலி வேலை செய்யும் வீட்டிலிருந்து, தமிழ் வழியில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் போன பிள்ளைக்கு ஹாஸ்டலும் நண்பர்களும் சீனியரும்தான் பாதிப் படிப்பு. அவற்றை இழந்ததுதான் அவர்களுக்குப் பெரிய அடி. அதையும் தாண்டி வந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு அவர்கள்மேல் அளவில்லாத மரியாதை.

இரண்டாம் அலையில் நிலைமை தலைகீழானது. 2021 மே 3 அன்று மத்திய அரசு, இறுதி ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களைத் தொலைபேசி ஆலோசனைக்கும் லேசான நோயாளிகளைக் கண்காணிக்கவும் பேராசிரியர்களின் மேற்பார்வையில் பயன்படுத்தலாம் என்றது. பி.எஸ்சி. அல்லது ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) முடித்த நர்ஸ்களை முழு நேரக் கொரோனா பணிக்கு எடுக்கலாம் என்றது. திரையில் படிப்பை முடித்தவர்கள் நேராக ஆக்சிஜன் படுக்கைகளுக்கு நடுவே போய் நின்றார்கள். பி.பி.இ. உடையை மாட்டுவதைவிடக் கழற்றும்போதுதான் தொற்று ஒட்டும் என்பதைப் பயந்துகொண்டே கற்றார்கள். ஊரில் இருந்த கீழ் வகுப்புப் பிள்ளைகளும் சும்மா இல்லை. பல்ஸ் ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே போனால் உடனே கிளம்புங்கள், மூச்சுத் திணறல் தெரியாவிட்டாலும் கிளம்புங்கள் என்று தெருத் தெருவாகச் சொன்னது அவர்கள்தான். ஊரே அவர்களை டாக்டராக்கிக் கேள்வி கேட்டது. இந்தப் பிள்ளைகளைப் பார்த்து, ஒன்றும் தெரியாமல் பாஸானவர்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆனால் ஒரு தவறு நடந்தது. அதை மறைக்கக் கூடாது. ஒவ்வொரு மாணவியும் இத்தனை ஊசி, இத்தனை கதீட்டர் (சிறுநீர்க் குழாய்), இத்தனை பிரசவம் பார்த்தாள் என்று லாக் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கல்லூரி திறந்ததும் சில இடங்களில் அதிக நேரம் வார்டு போஸ்டிங் போட்டு, விடுமுறையைக் குறைத்து, விட்டதைச் செய்ய வைத்தார்கள். வேறு சில இடங்களில் பிள்ளைகளை உட்கார வைத்து லாக் புக்கை நிரப்பச் சொன்னார்கள். செய்யாத வேலைக்குச் செய்ததாகக் கையெழுத்து. அதை ஏற்ற ஆசிரியர்களும் உண்டு. ஆன்லைன் படிப்பைவிடப் பெரிய கேடு இதுதான் என்பது என் முடிவு. செய்யவில்லை என்று எழுதியிருந்தால், அந்தப் பெண் வேலைக்குப் போன இடத்தில் யாராவது கற்றுக்கொடுத்திருப்பார்கள். செய்தாள் என்று எழுதிய பிறகு அவளால் கேட்கவும் முடியவில்லை. கேட்டால் தன் சான்றிதழே பொய் என்று ஆகிவிடுமோ என்ற பயம்.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் விஷயத்தில் தேசிய மருத்துவ ஆணையம் நேர்மையாக நடந்துகொண்டது என்று நினைக்கிறேன். கொரோனாவாலும் பிறகு உக்ரைன் போராலும் இறுதி ஆண்டில் ஊர் திரும்பி, 2022 ஜூன் 30-க்குள் பட்டம் பெற்றவர்களைத் தகுதித் தேர்வு எழுத விட்டது. ஆனால் தேறியவர்கள் பயிற்சி மருத்துவராக ஒரு வருடத்துக்குப் பதில் இரண்டு வருடம் பணியாற்ற வேண்டும் என்றது. நேரில் பெறாத மருத்துவமனைப் பயிற்சியை ஈடுகட்டத்தான் அது. டெல்டாவிலிருந்து சீனாவுக்கும் உக்ரைனுக்கும் போன பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு அது கசந்தது. ஒரு வருடம் போனால் கடன் ஏறும், உண்மைதான். ஆனாலும் குறையை வெளிப்படையாகச் சொல்லி, அதற்கு நேரமும் ஒதுக்கியது சரியான வழி. உள்ளூரில் படித்த நர்சிங் பிள்ளைகளுக்கும் சின்ன அளவிலாவது இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் பாப்பா என்ன செய்யலாம்? எந்தெந்த வேலைக்குப் போகும்போது மனம் படபடக்கிறது என்று அவளுக்கே தெரியும். அதை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பொதுவாக என் மாணவிகள் எழுதுகிறவை: குழந்தைகளுக்கு ஐ.வி. லைன் போடுவது, மூக்கு வழியாக உணவுக் குழாய் போடுவது, ஈ.சி.ஜி. லீடுகளைச் சரியான இடத்தில் ஒட்டுவது, இதயமும் மூச்சும் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் சி.பி.ஆர்., மருந்து டோஸ் கணக்கு. அந்தத் தாளோடு வார்டு இன்சார்ஜிடம் போய், "சிஸ்டர், இதெல்லாம் நான் சரியாகச் செய்து பழகவில்லை, நீங்கள் செய்யும்போது என்னைக் கூப்பிடுங்கள்" என்று கேட்கட்டும். நல்ல சீனியர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். முதலில் பக்கத்தில் நின்று பார்ப்பது, அடுத்து சீனியர் பக்கத்தில் நிற்க அவள் செய்வது, பிறகு தனியாக என்று போகட்டும். அவசரப் பிரிவில் கொஞ்ச நாள் போஸ்டிங் கேட்டு வாங்கினால் பாதிப் பட்டியல் அங்கேயே தீர்ந்துவிடும். சி.பி.ஆர். பயிற்சி பொம்மை பக்கத்தில் எந்த நர்சிங் கல்லூரியில் இருந்தாலும், படித்து முடித்த பிள்ளை வந்து கேட்டால் பழக விடுவார்கள். எங்களிடம் வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியதில்லை. "கொரோனா பேட்ச்" என்று சொல்லும் சீனியரிடம் எதிர்த்துப் பேச வேண்டாம். எந்த வேலை தெரியவில்லை என்று கேட்டு, அதையே அவரிடம் கற்றுக்கொள்ளட்டும்.